நூற்று அறுபத்தெட்டு விடைத்தாளும் ஒரு மௌன விரதமும்

திருத்தணி,
சுபானு வருஷம், மார்கழி 27, செவ்வாய்க்கிழமை.

சென்னையில் கல்லூரிக் கணித ஆசிரியராக விளங்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை பக்தவச்சலம் அவர்களுக்கு, மாமனார் சிவப்பிரகாசம் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. தணிகை மலையான் கிருபையால் இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. அதையும் சுகத்திலேயே சேர்த்து எழுதிவிடும்படி அவளே சொல்கிறாள். அங்கே உங்கள் இருவருடைய சுகத்தையும் என் மகள் கோமளவல்லியின் கடிதத்தால் அறிந்தேன். அறிந்ததிலிருந்து எனக்குச் சுகமில்லை.

உங்களுக்குக் கல்லூரியில் நான்கு வகுப்பு, இரண்டு கமிட்டி, ஹாஸ்டல் மேற்பார்வை, இதற்கு நடுவில் விமானத் தாக்குதல் பயிற்சி வேறு என்றும், வீட்டுக்கு வந்தால் ரசத்தையும் மோரையும் ஒன்றாக ஊற்றிக்கொண்டு சாப்பிடுகிறீர்கள் என்றும், எப்படி இருக்கிறது என்று கேட்டால் 'பேஷ்' என்கிறீர்கள் என்றும் எழுதியிருந்தாள். அதன் கீழே உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி. "மாமா, இந்த வயதில் மறுபடி பள்ளிக்கூடம் போய் வருகிறீர்கள். பதற்றமில்லாமல் எப்படி முடிகிறது? தெரிந்தால் எழுதவும்." அந்த இரண்டு வரியை நான் பதினோரு தடவை படித்தேன். என்னை ஒருவர் 'எப்படி' என்று கேட்டு வெகுகாலமாகிறது. உடனே பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பிறகு, நாமே கடைப்பிடித்துப் பார்க்காததைப் பிறருக்குச் சொல்வது முறையா என்ற சந்தேகம் வந்தது. ஆகையால் ஒரு வாரம் முழுவதும் பரீட்சித்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். ஒழுங்குக்காக, சொல்லப் போவதை முதலில் வரிசைப்படுத்தி விடுகிறேன்:

1. வாரத்தின் வேலையை ஞாயிற்றுக்கிழமையே நாள்வாரியாகப் பங்கிட்டுக் கொள்ளுதல்.

2. செய்த வேலையை இரண்டாம் முறை சரிபார்த்தல்.

3. காலையில் முதல் இரண்டு மணி நேரம் மௌனமாயிருந்து, கடினமான வேலையை அப்போதே முடித்தல்.

4. வேலைக்கென்று வீட்டில் ஓர் இடம் வைத்துக்கொண்டு அதைவிட்டு நகராதிருத்தல்.

5. நம் வேலையை நாமே செய்தல். எக்காரணத்தாலும் பிறர் தலையில் சுமத்தாதிருத்தல்.

6. (ஆறாவதாக ஒன்று இருந்தது. எழுதும்போது ஞாபகம் வந்தால் சேர்த்துக்கொள்கிறேன்.)

என் நிலைமையை முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும். முப்பத்துமூன்று வருஷம் சரித்திரம் போதித்துவிட்டு ஓய்வு பெற்று மூன்று வருஷம் வீட்டிலிருந்தேன். வீட்டில் நான் உள்ளே வந்தால் பூனைகூட எழுந்திருக்காது. வகுப்பில் நுழைந்தால் நாற்பது பேர் எழுந்து நிற்கிறார்கள். அவர்களில் முப்பது பேர் எழுந்திருக்கும்போது மனத்துக்குள் என்னை என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்து நிற்கிறார்கள். சரித்திர ஆசிரியர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் சென்ற ஜூனில் என்னைத் தற்காலிகமாகத் திரும்ப அழைத்தார்கள். ஏப்ரல் வரை என்னையே வைத்துக்கொள்வதா, சென்னையிலிருந்து ஓர் இளம் பட்டதாரியை வரவழைப்பதா என்று பள்ளிக் கமிட்டி போன சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கூடித் தீர்மானிப்பதாக இருந்தது. "அதற்குள் அரைப் பரீட்சை மார்க்கு அத்தனையும் ரிஜிஸ்தரில் ஏறியிருந்தால் உங்களுக்காக நான் பேசலாம். ஏறவில்லையென்றால் நான் வாயைத் திறக்க முடியாது, சார்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். திருத்த வேண்டிய விடைத்தாள் நூற்று அறுபத்தெட்டு.

முதற் பழக்கப்படி ஞாயிறு காலையில் பங்கிட உட்கார்ந்தேன். நூற்று அறுபத்தெட்டை ஐந்து நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு முப்பத்துமூன்றும் ஐந்தில் மூன்று பங்கும் வருகிறது. நீங்கள் கணிதம் படித்தவர். ஒரு விடைத்தாளில் ஐந்தில் மூன்று பங்கு என்பது எது? மூன்று கேள்விக்கு மார்க்குப் போட்டு மற்ற இரண்டை மறுநாளுக்கு வைப்பதா, அல்லது ஐந்து கேள்வியிலும் முதல் சில வரிகளை மட்டும் படிப்பதா என்று யோசித்து யோசித்து, இரண்டு விதமாகவும் அட்டவணை போட்டுப் பார்ப்பதற்குள் மாலையாகி விட்டது. உங்கள் மாமியார் வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, காலைலேர்ந்து கோடு போட்டுகினே கீறீங்க? இதுக்குள்ள இருபது தாள் திருத்தியிருக்கலாமே." திட்டமிடுதல் வேறு, செய்தல் வேறு என்று அவளுக்கு விளக்கினேன். "ஆங், ஆங், அது தெரியுது" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். காகிதத் தட்டுப்பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. யுத்தத்துக்கு முன் 'தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுக' என்று நாங்கள் ராஜாக்களைப்போல் உத்தரவு போட்டுக்கொண்டிருந்த காலத்து விடைத்தாள்களைத் தலைமையாசிரியர் ஒரு டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இந்த அரைப் பரீட்சைக்கு அவற்றையே எடுத்து, வெற்றுப் பக்கத்தில் எழுதச் சொல்லிவிட்டார். இது எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்கு அந்தத் தாள்களை எண்ணிக் கொடுத்ததே நான்தான். இருந்தும் என்ன, கட்டைப் பிரித்தவுடன் முதல் தாளில் என் கையெழுத்திலேயே சிவப்பு மையைக் கண்டதும், 'அட, லீவிலேயே ஆரம்பித்து விட்டிருக்கிறோமே, மறந்துபோனோம்' என்று மனம் குளிர்ந்து போயிற்று. இரண்டாவது தாளிலும் சிவப்பு மை. மூன்றாவதிலும். எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்திருக்கிறோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, இரண்டாம் பழக்கப்படி எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்கத் தொடங்கினேன். கேள்வி வேறாக இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். ஆனால் அசோகர் தர்மத்தைப் பரப்பிய விதத்தையும் அக்பரின் நிலவரித் திட்டத்தையும் நான் முப்பத்துமூன்று வருஷமாகத் தவறாமல் கேட்டு வருகிறேன். நல்ல கேள்விகளை எதற்கு மாற்ற வேண்டும்?

சரிபார்த்ததில் ஒரு விஷயம் எனக்குக் கலக்கத்தைக் கொடுத்தது. முன்பு தவறென்று அடித்திருந்ததில் பாதி இப்போது தவறாகத் தோன்றவில்லை. ஒரு தாளில் மொத்தம் முப்பத்தொன்று போட்டு, 'தோல்வி' என்று எழுதியிருந்தேன். சாவதானமாகப் படித்துக் கூட்டிப் பார்த்தால் முப்பத்தெட்டு வருகிறது. முப்பத்தைந்து வாங்கினாலே தேர்ச்சி. லீவில் ஏதோ கோபத்தில் திருத்தியிருக்கிறேன், நல்லவேளை சரிபார்த்தோம், ஒரு பையன் பிழைத்தான் என்று சந்தோஷப்பட்டு, பிழைத்தவன் பெயர் என்ன என்று மேலே பார்த்தேன். 'ஆதிகேசவன், நாலாவது பாரம்' என்றிருந்தது. எனக்குத் தெரிந்து இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆதிகேசவன் ஒருவன்தான். அவன் இப்போது பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பள்ளிப்பட்டு பஸ்ஸில் கண்டக்டர். மீசையும் இரண்டு குழந்தைகளும் உண்டு. தேதியைப் பார்த்தேன். 1938.

முப்பத்தொரு தாள் அப்படிப் போயிற்று. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் இந்த வருஷத்துப் பையன்களுடைய விடைகள் சிவப்பு மையே படாமல் சுத்தமாக இருந்தன. இரண்டாம் பழக்கத்தில் குற்றமில்லை. எந்தப் பக்கத்தைச் சரிபார்ப்பது என்பதை மட்டும் முன்கூட்டித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அன்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்த முப்பத்தெட்டுதான் கண்ணெதிரே நின்றது. அந்தப் பரீட்சையில் தோற்ற பிறகுதான் அவன் தகப்பன் அவனைப் படிப்பிலிருந்து நிறுத்தி பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

மண்ணெண்ணெய் ரேஷனால் பொழுது சாய்ந்தபின் எழுத முடியாது. ஆகவே காலை நேரம்தான் கதி. செவ்வாய்க்கிழமை மூன்றாம் பழக்கமான மௌனத்தைத் தொடங்கினேன். மலைக்குப் போகும் தெருவில் வீடு வைத்துக்கொண்டிருப்பவனுக்கு என்ன கஷ்டம் என்று சென்னையில் இருக்கும் உங்களுக்கு எழுத்தில் விளக்க முடியாது. செருப்பை விட ஒருவர், குழந்தையை விட ஒருவர், குளம் எந்தப் பக்கம் என்று கேட்க ஒருவர், ஒன்றும் கேட்காமல் உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போக ஒருவர். ஆகையால் 'காலை 6 முதல் 8 வரை மௌனம்' என்று அட்டையில் எழுதி, என் மேஜைக்கு நேரே ஜன்னலில் கட்டினேன். அதுவரை வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட அட்டையைப் படிக்க நின்றார்கள். படித்தவர்கள் எதற்காக விரதம் என்று உங்கள் மாமியாரைக் கேட்டார்கள். விடைத்தாளுக்காக என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. "மாப்பிளக்கி உத்யோகம் ஒசரணும்னு" என்று சொல்லிவிட்டாள். ஆகவே இந்தத் தெருவில் பாதிப் பேர் உங்களுக்காக வேண்டிக்கொண்டு வருகிறார்கள். காலேஜில் திடீரென்று ஏதேனும் உயர்வு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஏழு மணிக்கு ஆதிகேசவன் வந்தான். முதல் நாள்தான் அவனுக்கு ஏழு மார்க்கு பாக்கி வைத்திருப்பதைக் கண்டுபிடித்திருந்தேன். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. "சார், வர்ற வெசாளக்கெளம கிர்த்திகை. எங்க ஜனம் பள்ளிப்பட்லேர்ந்து காவடி எட்துகினு வந்துகினு கீறாங்க. ஒரு ஆறு பேருதான் சார். காவடி வைக்க ஒரு மூல குட்தா போதும். இன்னா சார் சொல்றீங்க?" நான் என்ன சொல்வேன்? வாயைத் திறந்து வைத்திருக்கும்போதே 'முடியாது' என்ற வார்த்தை எனக்கு வராது. மூடிக்கொண்டிருக்கும்போது எப்படி வரும்? எட்டு மணிக்கு மேல் வா என்பதற்கு அடையாளமாகப் பேனாவைப் பிடித்த கையைத் தூக்கினேன். அவன் அதை ஆசீர்வாதமென்று எடுத்துக்கொண்டு காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "சார்னா சார்தான்!" என்று சொல்லிப் போய்விட்டான். மௌனத்தை உடைத்துக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். ஒரு பழக்கத்தைத் தொடங்கிய முதல் நாளே முறித்தால் அது பிறகு நிலைக்காது. அன்று இருபத்தாறு தாள் திருத்தினேன்.

புதன்கிழமை தலைமையாசிரியரே காலை உலாவில் வந்துவிட்டார். அட்டையைப் படித்துவிட்டு, மரியாதையாகத் தாமும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சிவப்பிரகாசம் சார், நம் தெலுங்கு வகுப்புச் சரித்திர ஆசிரியர் பெங்களூரில் ராணுவ ஆபீசில் வேலை கிடைத்துப் போகிறார். அந்த வகுப்பையும் நீங்களே பார்த்துக்கொள்வதாக இருந்தால் கமிட்டியில் உங்கள் விஷயத்தைச் சொல்ல எனக்குச் சுலபமாயிருக்கும். ஆட்சேபணை ஏதேனும் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், சார்." சொல்லிவிட்டு எனக்கு ஒரு நிமிஷம் முழுவதும் அவகாசம் கொடுத்தார். நியாயமான மனிதர். என் தெலுங்கு கடைவீதித் தெலுங்கு; சந்தையில் கத்தரிக்காயைப் பற்றிப் பேசலாம், அக்பரைப் பற்றிப் பேச முடியாது. இதைச் சொல்லத்தான் வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழே முக்கால். எட்டு மணிவரை நிற்பார் என்று எதிர்பார்த்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ரொம்ப சந்தோஷம், சார்" என்று என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்புவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் மாமியார், "வாயக் கட்டிக்கினா வேல கொறையும்னீங்க. ஏறிகினே போவுதே!" என்றாள். அன்று இருபது தாள். ஆக நாற்பத்தாறு. மீதி நூற்று இருபத்திரண்டு, மீதி நாள் இரண்டு.

அன்று மாலை ஆதிகேசவனின் ஆறு பேர் வந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினேழு பேர். காவடி நான்கு. "பெரிவங்கள மட்டுந்தான் சார் எண்ணி சொன்னேன்" என்றான் ஆதிகேசவன். பெரியவர்களே பதினொரு பேர் இருந்தார்கள். என் மேஜையின்மேல் ஒரு காவடி, நாற்காலியின்மேல் தேங்காய் மூட்டை, மௌன அட்டையின்மேல் யாரோ ஒரு ஈரத் துண்டு. மறுநாள் வியாழக்கிழமை, கிருத்திகைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. ஒரு நாள் முழுவதும் கிடைத்தது என்று நான் எவ்வளவு நம்பியிருந்தேன்! காலையில் எழுந்து பார்க்கிறேன், பள்ளிப்பட்டுப் பாட்டியம்மாள் ஒருத்தி கட்டை அவிழ்த்து ஒரு தாளை உருவி, மொட்டை போட்ட குழந்தையின் தலைக்குப் பூச அரைத்த சந்தனத்தை அதில் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் அலறிவிட்டேன். நல்லவேளை, அன்று மௌனம் தொடங்க இன்னும் ஐந்து நிமிஷமிருந்தது. "இன்னா நைனா, இம்மா காயிதம் வச்சிகினு கீற, சாமி கார்யத்துக்கு ஒண்ணு குட்தா கொறஞ்சா பூடும்?" என்று அவள் என்னைத்தான் கண்டித்தாள். தாளை வாங்கிச் சந்தனத்தை வழித்துப் படித்தேன். நாலாவது பாரத்துப் பையன் ஒருவனுடையது. அசோகருக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் மஞ்சள். தெரிந்தவரையில் நன்றாக எழுதியிருந்தான் என்பதால் மீதியையும் நன்றாகவே எழுதியிருப்பான் என்று வைத்து மார்க்குப் போட்டேன்.

இனி இந்த வீட்டில் கட்டை வைக்க முடியாது என்று தெரிந்து போயிற்று. அதே சமயம் ஆதிகேசவன், "சார், பெட்ரோமாக்ஸ் பத்த மாட்டேங்குது. சாயந்திரம் காவடி எறங்கச்சொல்லோ வேணும். உங்க தெருதானே, யாரனா ரிப்பேருக்கு ஆள் தெரியுமா?" என்றான். அந்த விளக்கை ஒரு கையிலும் விடைத்தாள் கட்டை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு, என் வீட்டிலிருந்தே தப்பி ஓடுபவனைப்போல் ஸ்டேஷன் ரோட்டுக்குப் போனேன். அங்கே குலாம் ரசூல் என்பவர் சைக்கிளும் பெட்ரோமாக்ஸும் பழுது பார்க்கிறார். அரக்கோணத்திலிருந்து வந்து கடை வைத்து நாலைந்து வருஷமாகிறது. என்னிடம் படித்தவரல்ல, என்னை யாரென்றும் அவருக்குத் தெரியாது. "லைட் ஆவ ஒரு மணி நேரம் ஆவும் பாய். குந்துங்க. அந்தப் பொட்டி மேல குந்துங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். என்னைப் 'பாய்' என்று அவர் கூப்பிட்டது இதுவே முதல் தடவை. யாரும் கூப்பிட்டதே அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தேன். சும்மா இருப்பானேன் என்று கட்டைப் பிரித்தேன்.

அங்கே இருந்த சத்தத்தை என்னென்பது! ஒரு பக்கம் சக்கரத்தைச் சம்மட்டியால் தட்டுகிறார். ஒரு பக்கம் காற்றடிக்கும் பம்பு. கிருத்திகைக் கூட்டம் வாசலில் அரோகரா என்று போய்க்கொண்டிருக்கிறது. ரயிலில் போகும் சிப்பாய்கள் பாடுகிறார்கள். வருகிறவர்களெல்லாம் குலாம் ரசூலைத்தான் கேட்கிறார்கள், திட்டுகிறார்கள், சீக்கிரம் என்கிறார்கள். என்னை ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் என்னைக் காட்டி, "பெரிவரு யாரு பாய்?" என்றார். "நம்ம ஆளுதான். வேல பாத்துகினு கீறாரு. நீ ட்யூப கழட்டு" என்றார் குலாம் ரசூல். இன்னொருவர் பேசாமல் என்னையும் பெட்டியையும் சேர்த்து ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, கீழே விழுந்திருந்த வால்வை எடுத்துக்கொண்டு போனார். நான் நிமிராமல் திருத்திக்கொண்டிருந்தேன். விளக்கு ஒரு மணி நேரத்தில் தயாராகிவிட்டது. "இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்" என்று நானே கேட்டுக்கொண்டேன். நான்கு தடவை பார்த்தார். நாலாம் தடவை, "இதுல ஒண்ணும் இல்ல பாய். நீங்க குந்தணும்னா குந்துங்களேன், யாரு வேணாம்னது?" என்றார். பொழுது சாயும்போது எண்ணிப் பார்த்தேன். எழுபது தாள். என் ஆயுளில் ஒரே நாளில் அத்தனை தாள் திருத்தியதில்லை. நான்காம் பழக்கம் தவறென்று சொல்லமாட்டேன். 'வீட்டில்' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

விளக்கோடு வீடு திரும்பியதும் ஆதிகேசவனைத் தனியாகக் கூப்பிட்டேன். அவனிடம் சொல்லாமல் ஒரு வாய் சாதம் இறங்காது போலிருந்தது. தாளைக் காட்டினேன். "ஆதிகேசவா, உனக்கு முப்பத்தொன்று போட்டது என் பிழை. முப்பத்தெட்டு வர வேண்டும்." அவன் தாளை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் மேலும் கீழும் பார்த்தான். "அப்டின்னா நானு பாஸா சார்?" "பாஸ்தான்." "அட போங்க சார்! இத்த அப்பவே சொல்லியிருந்தா எங்க நைனாகிட்ட வாங்குன ஒத மிச்சமாயிருக்குமே!" என்றான். கோபித்துக்கொள்ளப் போகிறான் என்று நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அவன் அப்படியே திரும்பிக் கூடத்தைப் பார்த்து, "ஏய், நானு நாலாவது பாரம் பாஸாயிட்டேன்!" என்று கத்தினான். பதினேழு பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். அவன் சம்சாரம் என் காலில் விழுந்தாள். சந்தனப் பாட்டியம்மாள், "ஆறு வர்ஷம் ஆனாலும் முருவன் கண்ண தொறந்தான்" என்று என் வாயில் பஞ்சாமிர்தத்தைத் திணித்தாள். அவன் தகப்பன் மட்டும் சற்று யோசித்துவிட்டு, "சரி சார், பாஸ்னா அஞ்சாவது பாரத்துல சேத்துக்குவாங்களா?" என்று கேட்டான். அவன் உண்மையாகத்தான் கேட்டான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட வேண்டும் என்று அவர்கள் வெள்ளிக்கிழமையும் தங்கிவிட்டார்கள்.

அதனால் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் குலாம் ரசூல் கடைதான். பழுது பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லாததால் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போனேன். "நம்ம கட சைக்கிள் கட பாய்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் துடைத்துப் போட்டார். மீதி ஐம்பத்திரண்டும் அங்கேயே முடிந்தன. இந்த இடத்தில் ஐந்தாம் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். மார்க்கைக் கூட்டித் தருகிறேன் என்று உங்கள் மாமியார் மூன்று தடவை கேட்டாள். அவள் எனக்கு மேல் கூட்டுவாள், இருந்தும் மறுத்துவிட்டேன். தாள்களை நம்பர் வரிசையாக அடுக்கித் தருகிறேன் என்று ஆதிகேசவன் வந்தான். அவனையும் மறுத்துவிட்டேன். வாயால் மறுத்தேன். என் வாழ்நாளில் நான் மறுத்தது இந்த நான்கு தடவைதான். மற்ற எந்தப் பழக்கம் எப்படிப் போனாலும், இந்த ஒன்றை வாரம் முழுவதும் சிறு பழுதுமின்றிக் காத்தேன்.

சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு ரிஜிஸ்தரைக் கொண்டுபோய் வைத்தேன். அதில் சந்தனமும் மண்ணெண்ணெயும் சேர்ந்து மணத்தன. கமிட்டித் தலைவர் முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். தலைமையாசிரியர் எனக்காகப் பேசினார். நான் தெலுங்கு வகுப்பையும் நானாகவே மனமுவந்து, ஒரு வார்த்தை ஆட்சேபணை சொல்லாமல் ஏற்றுக்கொண்டதைக் குறிப்பாக எடுத்துச் சொன்னார். ஏப்ரல் வரை நீட்டித்தோம் என்று தலைவர் சொன்னார். நான் நன்றி சொல்ல எழுந்தேன். ஏழு அங்கத்தினரும் எழுந்து நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காபி வந்ததற்காக எழுந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. இருந்தாலும் எழுந்தார்கள்.

ஆக, மாப்பிள்ளை, மேற்கண்ட ஐந்து பழக்கங்களையும் நான் ஒரு வாரம் முழுமையாகக் கையாண்டு பார்த்ததில், நூற்று அறுபத்தெட்டுத் தாளும் குறித்த வேளைக்குள் முடிந்தன என்பது நிரூபணமாகியிருக்கிறது. பழக்கங்களால் முடிந்தனவா, அவற்றையும் மீறி முடிந்தனவா என்பதில் எனக்கு ஒரு சிறு சந்தேகம் உண்டு. அதைத் தெளிவுபடுத்த இன்னொரு வாரம் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். நீங்களும் சாவகாசமாகக் கடைப்பிடித்துப் பாருங்கள். அந்த ஆறாவது பழக்கம் கடைசிவரை ஞாபகத்துக்கு வரவில்லை. மிக முக்கியமானது என்று மட்டும் நினைவிருக்கிறது.

குழந்தை கோமளவல்லிக்கு எங்கள் ஆசீர்வாதம். ரசம் ஊற்றி முடிந்து, அதைச் சாப்பிட்டு முடித்த பின்பே மோர்ப் பாத்திரத்தை வெளியே எடுக்கும்படி அவளுக்குச் சொல்லவும். உங்களுக்கு நீண்ட ஆயுளும், நிம்மதியான வாரமும், வாரத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் மலையான் அருள வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்ளும்,

மாமனார்,
சிவப்பிரகாசம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது பள்ளிக்கூடத்துப் பியூன் ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தெலுங்கு வகுப்பு அரைப் பரீட்சைத் தாள்கள், நூற்று இருபத்து நான்கு. போகிற ஆசிரியர் ஒன்றைக்கூடத் திருத்தாமல் ரயில் ஏறிவிட்டார். வருகிற திங்கட்கிழமைக்குள் மார்க்கு ரிஜிஸ்தரில் ஏறவேண்டுமாம்; ஏறாவிட்டால் நீட்டித்ததைக் கமிட்டி மறுபடி யோசிக்குமாம். முதல் தாளைப் பிரித்துப் பார்த்தேன். இருபது வரியில் எனக்குப் புரிந்தது அக்பர் என்ற பெயர் மட்டும். அதுகூட ஊகம்தான். நீங்கள் சித்தூரில் தெலுங்கிலேயே படித்தவர் என்று கல்யாணப் பேச்சின்போது உங்கள் தகப்பனார் பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை பொங்கல். கோமளவல்லியை அழைத்துக்கொண்டு வியாழக்கிழமையே வந்துவிடுங்கள். உங்களுக்குக் கல்லூரி லீவுதானே, ஓய்வாக இருக்கும். உங்கள் பங்கு அறுபத்திரண்டு என்று எழுதலாமென்றிருந்தேன். யோசித்துப் பார்த்ததில் நூற்று இருபத்து நான்கும் உங்கள் பங்குதான். கணித ஆசிரியரைச் சரித்திரம் திருத்தச் சொல்கிறாரே என்று நினைக்க வேண்டாம். அக்பர் பட்டத்துக்கு வந்த வருஷமும் ஓர் எண்தான். சிவப்பு மை இங்கே கிடைப்பதில்லை, வரும்போது ஒரு புட்டி வாங்கி வரவும். குலாம் ரசூலிடம் இன்னொரு பெட்டிக்குச் சொல்லி வைத்துவிட்டேன். ஐந்தாவதாக நான் எழுதியது தவறு. அதை அடித்துவிட்டுப் படிக்கவும்.